ஒன்றரை அங்குலத் தண்ணீர்

ஆறு வாரம் மல்லாந்து படுத்திருக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். முதுகெலும்பின் கீழ்ப்பக்கம் ஒரு வட்டு பிதுங்கி நரம்பைத் தொடுகிறதாம். அதற்குப் பிறகும் ஏணி ஏறக் கூடாது, சாரத்தில் குனியக் கூடாது, ஸ்கூட்டியில் சோழவந்தான் வரை போவதை நினைக்கவே கூடாது. கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவளுக்கு இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான், ஓய்வு. முப்பத்துநான்கு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அலுவலகம் தந்த உத்தரவுக் கடிதத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பழங்காநத்தத்தில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் கூரைத்தளம் பதின்மூன்றடி அகலம். காலையில் எதிர்க் கடையின் கண்ணாடியில் பட்ட வெயில் அதன் மேல் வந்து விழும். பத்து மணிக்கு மின்விசிறியின் கொக்கியைத் தொடும். பதினொன்றரைக்குச் சுவரில் இறங்கிக் காணாமல் போகும். வெளியே பேருந்துகள் ஊதிக்கொண்டே இருக்க, நான் அந்த வெளிச்சத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். நடுவில் அது கொஞ்சம் வளைகிறது. ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கலாம். இந்த வீடு கட்டி இருபது வருடம் ஆகிறது, இனி இறங்காது. இதையெல்லாம் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

என் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவள் பிரியா. போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்.

"அக்கா, நீங்க ஒப்படைச்சுட்டுப் போன ஃபைல்ல 'இன்னும் கவனிக்க வேண்டிய தளங்கள்'னு ஒன்பது போட்டிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். ஒன்பதும் பச்சைதான் காட்டுது. அப்புறம் எதைக்கா கவனிக்கணும்?"

"நேர்ல வா, சொல்றேன்" என்றேன். பிறகு, எழுதியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இது அந்தக் கோப்போடு வைக்க வேண்டிய குறிப்பாக ஆரம்பித்து, கொஞ்சம் நீண்டுவிட்டது.

கான்கிரீட் தளம், அடியில் நிற்கும் முட்டுகளை எடுக்கிற அன்று சற்றே கீழே இறங்கும். அதை எல்லோரும் எதிர்பார்த்து நின்று பார்ப்பார்கள். பிறகு வெள்ளையடித்து, பால் காய்ச்சி, குடி வந்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் அது தன் உண்மையான வேலையைத் தொடங்குகிறது. பகல் தூக்கத்திலும் பண்டிகைச் சமையலிலும் வீட்டில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மேலே தளம் தன் எடையையும் நம் எடையையும் சுமந்தபடி மெல்ல மெல்ல இணங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருந்த ஈரம் காய்ந்து சுருங்குகிறது. முதல் மழைக்குள் கொஞ்சம், அடுத்த கோடைக்குள் கொஞ்சம் என்று நான்கைந்து வருடம் இது போகும். முதல் நாள் இறங்கியதைப் போல இரண்டு மடங்குகூட இந்த மெதுவான இறக்கத்தில் வந்துவிடலாம்.

இதைத் தடுக்க முடியாது. அளவில் வைக்கலாம். போதிய கனம், மேற்புறத்திலும் கொஞ்சம் கம்பி, அவசரப்படாத முட்டு, போட்ட பின் மேலே தாராளமாகத் தேக்கும் தண்ணீர். அகலமான தளமென்றால் அடிப்பலகையின் நடுவை முன்கூட்டியே ஒரு விரற்கடை தூக்கி வைப்பது. இறங்கப் போகிற தளத்துக்கு இறங்க இடம் கொடுத்து வைப்பது போல. இந்த ஐந்தாவதில்தான் நான் தவறினேன்.

படித்து முடித்து வந்த முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படம் வரைந்தேன், கம்பி எண்ணினேன், தலையில் பொருந்தாத ஹெல்மெட்டுக்குள் துண்டை மடித்து வைத்துக்கொள்ளப் பழகினேன். பட்டியல் போடுவது மட்டும் சிறு வயதிலிருந்தே வரும். ஊருக்குப் போனால்கூட பையில் என்னென்ன என்று எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்தால்தான் கிளம்ப முடியும். தளம் போடும் நாளுக்கென்று நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். நாற்பத்தொரு இனங்கள். அலுவலகத்தில் எல்லோரும் அதை நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் மேலதிகாரி நூர்ஜஹான் மேடம். எங்களுக்கு நூர் மேடம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கீழவாசல் பக்கம் ஜவுளி வியாபாரிகள் குடும்பம். கடையில் உட்காரச் சொன்னதற்குக் கணக்குப் படிக்கப் போகிறேன் என்று வந்துவிட்டாராம். தொய்வுப் புகார் வந்த எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையைத் தலைக்கு வைத்து, தளத்துக்கு நேர் கீழே தரையில் படுத்துக்கொள்வார். பத்து நிமிடம் பேச மாட்டார். முதல் முறை பார்த்தபோது மயக்கம் வந்துவிட்டதென்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

"அண்ணாந்து பாத்தா கழுத்து வலிதான் தெரியும் மலரு" என்றார் எழுந்து. "படுத்துப் பாரு. கூரை தானா பேசும்."

படுத்து எழுந்த பிறகு அளவு. சுவருக்குச் சுவர் ஆணியடித்து, தூண்டில் நரம்பைக் கட்டி, ஒரு முனையில் செங்கல்லைத் தொங்கவிடுவார். அப்போதுதான் நரம்பு தொய்யாது. நரம்புக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை ஒன்பது இடங்களில் அளக்க வேண்டும். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதலாம். பென்சிலால்தான் எழுத வேண்டும். அவருடைய படிவத்தில் கடைசிக் கட்டம் 'காரணம்'. அதை அவர் ஒருபோதும் நிரப்பியதில்லை. அந்தத் தளத்தை யார் வரைந்தார்களோ அவர்களிடமே படிவத்தைக் கொடுத்துவிடுவார். கோபப்பட மாட்டார். வீட்டுக்கு எடுத்துப்போய் நிரப்பவும் விட மாட்டார்.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் ஜல்தி. "ஜல்தி ஜல்தின்னு முட்டுகள எடுத்தான்னா அந்தத் தளம் ஆயுசு முழுக்க அதை ஞாபகம் வச்சிருக்கும்" என்பார்.

இதே பழங்காநத்தத்தில் ஒரு வீடு. முட்டு இருபத்தெட்டு நாள் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் பதினெட்டாம் நாள் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்துவிட்டார்.

"முகூர்த்தத்தை யாரு தள்ளி வைக்கிறது, நீங்களா?" என்று கேட்டார் அலுவலகத்துக்கே வந்து.

"ஏண்ணே தள்ளணும்? முகூர்த்தமும் இருக்கட்டும், முட்டும் இருக்கட்டும். ரெண்டும் சண்டையா போடப் போகுது?" என்றார் நூர் மேடம்.

அப்படித்தான் நடந்தது. கூடத்தில் நாற்பது இரும்பு முட்டுகள் நின்றன. பெண்கள் அவற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாவிலை கட்டிவிட்டார்கள். ஹோமப் புகை அவற்றினூடே நுழைந்து நுழைந்து போனது. வெயில் கம்பிக் கம்பியாக விழுந்தது. பந்தியில் முட்டுக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "மாப்ள, காட்டுக்குள்ள பந்தி வச்சிருக்காய்ங்கடா" என்று ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. யாரோ இரண்டு முட்டுகளுக்கிடையே சேலையில் தொட்டில் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட, இலையில் பாயசத்தை விட்டுவிட்டு ஓடிப்போய் நான்தான் அவிழ்க்கச் சொன்னேன். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அம்மா இன்றுவரை என்னைக் கண்டால் சரியாகப் பேசுவதில்லை. அந்தத் தளம் இப்போதும் நேராக இருக்கிறது.

இனி சோழவந்தான்.

தவமணி அக்காவுக்கு அங்கே ஆற்றோரமாக வெற்றிலைக் கொடிக்கால். கணவர் இல்லை, பறிப்பு, சந்தை, தண்ணீர் முறை எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். கீழே இலை பிரித்து அடுக்குகிற கூடம், மேலே மகளும் மருமகனும் குடியிருக்க வீடு என்று கேட்டார். கூடத்தின் நடுவில் தூண் கூடாது. கூரையிலிருந்து உத்தரமும் தொங்கக் கூடாது. "பத்துப் பொம்பளைங்க வட்டமா ஒக்காந்து இலை அடுக்கணும். நடுவுல தூணை வச்சீன்னா அதைச் சுத்தி நான் கோலாட்டமா ஆடுறது?" என்றார். பதினெட்டு அடி அகலம். நூற்று எண்பது மில்லிமீட்டர் கனத்தில் தளம் வரைந்தேன். அடிப்பலகையின் நடு, ஓரங்களைவிட இருபது மில்லிமீட்டர் உயர்ந்து இருக்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதினேன். என் மூன்றாவது வருடம் அது.

கொத்தனார் சோணை அண்ணன். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, பேச்சில் எப்போதும் ஒரு நக்கல். வைகைக் கரை முழுக்க அவருடைய மட்டத்துக்குப் பேர். அவர் போட்ட தரையில் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும் என்பார்கள். மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பை வேறு யாரையும் தொட விட மாட்டார். தானே நிரப்பி, தானே தட்டித் தட்டி உள்ளேயிருக்கும் குமிழிகளை மேலேற்றுவார். "ஒரு குமிழி இருந்தாப் போதும் தாயி, டியூப்பு கூசாமப் பொய் சொல்லும்."

தளம் போட்டது ஆனி மாதத்தில். முந்தைய நாளே சென்ட்ரிங் அடிப்பலகையின் நடு உயர்வைக் கயிறு கட்டிச் சரிபார்த்தேன். சரியாக இருபது. கம்பி, இடைவெளி, அடியில் வைக்கும் கவர் கட்டை, தண்ணீரின் அளவு எல்லாவற்றுக்கும் டிக். கான்கிரீட் பாதி விழுந்திருக்கும்போது சோதனைக்குக் கான்கிரீட் நிரப்பும் இரும்பு அச்சுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சோணை அண்ணன் மட்டப்பலகையைப் பிடித்தபடி வந்து ஏதோ கேட்டார். எண்ணிக்கை விட்டுப் போய்விடுமே என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போய்விட்டார். நாற்பத்தோராவது இனத்துக்கும் டிக் அடித்து மதிய ரயிலைப் பிடித்தேன்.

ஐந்தாம் நாள் மறுபடி போனேன். புதுத் தளத்தில் ஓரத்தைச் சுற்றி மட்டும் கலவையால் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். வழக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் சின்னச் சின்னப் பாத்தி கட்டுவார்கள். "மட்டமான தளத்துக்குக் குறுக்குப் பாத்தி எதுக்கு? ஒரே குளமா நிக்கிது பாரு" என்றார் சோணை அண்ணன்.

நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வெதுவெதுப்பான தண்ணீர் கணுக்கால் எலும்பைத் தொடாமல் நின்றது. மேலே போன மேகம் காலடியிலும் போனது. தென்னந்தோப்பு தலைகீழாக நின்றது. நான் நடக்க நடக்க மரங்கள் குலைந்து, பின்னால் மறுபடி ஒன்று சேர்ந்தன. பக்கத்துக் கொடிக்காலிலிருந்து ஈரமும் காரமுமாக இலை வாசம் வந்தது. அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன் என்று நினைக்கிறேன். எஃகு அளவுகோலை நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஊன்றிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினேன்: 'தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றரை அங்குலம். நன்று.'

மூன்று வருடம் கழித்துத் தவமணி அக்காவின் தொலைபேசி வந்தது.

"ஏம்மா மலரு, எங்க மாடில எலுமிச்சம்பழம் தானா நடக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

நூர் மேடமும் நானும் போனோம். மாடியில் எலுமிச்சம்பழத்தை எந்தச் சுவரோரம் வைத்தாலும் யோசித்து யோசித்து நடுவுக்கு வந்து நின்றது. பீரோ கதவு தானே திறந்துகொண்டது. செங்கல் தடுப்புச் சுவரில் படிக்கட்டு போல விரிசல். கீழே கூடத்துக்கு வந்தால், இலை அடுக்கும் பெண்கள் பத்துப் பேரும் சுவரோரமாக வரிசையாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கூடைகூட இல்லை. ஜன்னல் வெளிச்சம் அந்த வெற்றிடத்தில் கோயில் பிராகாரத்தில் விழுவது போல விழுந்து கிடந்தது.

"கூலி ஒசத்திக் குடுத்தாலும் நடுவுல ஒக்கார மாட்டோம்னு சொல்லிட்டாளுக" என்றார் தவமணி அக்கா. "ஊரு பூரா 'சோணை போட்ட தளம் தொங்கிருச்சு'ன்னு பேச்சு. ரெண்டு வீட்டுல அவருக்குக் குடுக்குறதா இருந்த வேலைய நிறுத்திட்டாக. நானுந்தான் சொன்னேன். வேற யாரைச் சொல்றது?"

சோணை அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "பாத்துச் சொல்லு தாயி. என் மேல தப்புன்னா திருப்பூருக்குப் போயி எவங்கிட்டயாவது கைக்கொத்தனாராச் சேந்துக்கிறேன். இங்கன இனிமே எவனும் என்னக் கூப்புட மாட்டான்" என்றார். அன்று நக்கல் இல்லை.

நூர் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நடுக்கூடத்தில் படுத்தார்.

"ஏத்தா, இந்தம்மா வந்ததும் படுத்துருச்சே. ரயிலு கூட்டமா?" என்றாள் ஒருத்தி.

"நாம யாரும் போகாத எடத்துல போயி படுத்துருக்கு பாரு" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

நரம்பு கட்டி ஒன்பது இடம் அளந்தோம். தளத்தின் நடு, ஓரங்களைவிட இருபத்துநான்கு மில்லிமீட்டர் கீழே இருந்தது. போட்ட அன்று இருபது மேலே இருந்த நடு அது. மொத்தம் நாற்பத்துநான்கு இறங்கியிருந்தது. நான் கணக்குப் போட்டிருந்ததோ முப்பதுக்குள். கான்கிரீட்டைச் சுத்தியல் வைத்துத் தட்டிப் பார்த்தோம். மணி போலச் சத்தம் வந்தது. கலவையில் குறையில்லை. கம்பி படத்தில் இருந்தபடியே இருந்தது.

"ஓட்டை போடலாம்" என்றார் நூர் மேடம்.

மாடியில் மூன்று இடத்தில் சின்னத் துளை போட்டோம். துளைக்குள் நுனி வளைத்த கம்பியை விட்டு, அடிப்புறத்தில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கனம் பார்ப்பது முறை. தரையோட்டின் கனமும் பூச்சின் கனமும் கழித்து எண்ணைச் சொன்னேன்.

"ஓரம், நூற்று எண்பத்தொன்று."

"நூற்று எண்பத்தொன்று."

"கால் பாகத்தில், நூற்று அறுபத்தாறு."

"நூற்று அறுபத்தாறு."

நடுத்துளையில் இரண்டு முறை பார்த்தேன். "நூற்று அறுபது" என்றேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை. பென்சிலை நிறுத்திவிட்டு, "அன்னைக்கு எழுதுன சைட் நோட்டு இருக்கா?" என்று கேட்டார்.

பையில் இருந்தது. பக்கத்தைத் திருப்பிப் படித்தார். அதிக நேரம் ஆகவில்லை. விரலை ஒரு வரியின் மேல் வைத்தபடி நோட்டை என்னிடம் நீட்டினார்.

தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றரை அங்குலம். நன்று.

அடிப்பலகை நடுவில் இருபது உயர்ந்திருந்தது. அதை நானே சரிபார்த்தேன். தளத்தின் கனம் எங்கும் ஒன்றாக இருந்திருந்தால் மேல்பரப்பும் நடுவில் இருபது உயர்ந்திருக்கும். அங்கே தண்ணீர் பாதிதான் நின்றிருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஆழம் என்றால் மேலே மட்டம். மேலே மட்டம் என்றால் நடுவில் இருபது குறைவு. தளம் அதிகமாக வளைகிற இடத்தில் அதன் கனத்தில் ஒன்பதில் ஒரு பங்கு இல்லை. அந்த ஒரு பங்கு போனால் வளையாமல் நிற்கிற பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சோணை அண்ணன் தன் வாழ்நாளின் மிக அழகான மட்டத்தை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலேயும் வளைவு வேண்டும் என்று என் படத்தில் ஒரு சொல் இல்லை; நாற்பத்தொரு இனங்களிலும் இல்லை. ஐந்தாம் நாள் தளமே தண்ணீரை ஏந்தி எனக்குக் காட்டியிருக்கிறது. நான் மேகம் பார்த்திருக்கிறேன்.

நூர் மேடம் படிவத்தையும் பென்சிலையும் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தை அங்கேயே, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். பிறகு கீழே இறங்கிப்போய்ச் சொன்னேன்.

"சோணையண்ணே மேல தப்பில்லக்கா. அடியில நடுவைத் தூக்கணும்னு எழுதுன நான், மேலயும் அதே மாதிரி தூக்கலா முடிக்கணும்னு எழுதல. அவரு எப்பவும் போல மேல மட்டமா இழுத்துட்டாரு. அதுல நடுவுல கனம் கொறஞ்சு போச்சு. அஞ்சாம் நாளு தண்ணி அளந்தப்பவே நான் கண்டுபிடிச்சிருக்கணும். தப்பு என்னோடது."

கூடத்தில் இலை புரளும் சத்தம் நின்றுவிட்டது. வாசலிலிருந்து சோணை அண்ணன் முதல்முறையாக உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மட்டமா இருக்குறது ஒரு கொறையா?" என்றார். "மணலு சரியில்லைன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். கம்பி பத்தலைன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். என் மட்டத்தக் கொறை சொன்ன மொத ஆளு நீதான் தாயி."

"சோணைண்ணே" என்றார் தவமணி அக்கா, "அந்தப் புள்ள உன்னயக் காப்பாத்திக்கிட்டு இருக்கு. நீ அதுகூடவே மல்லுக்கு நிக்கிற."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சோணை அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு, மாடியில் மட்டம் பார்க்கக் கொண்டுவந்திருந்த தன் டியூப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும். இது விழுகுமா, விழுகாதா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் தவமணி அக்கா.

"இந்தக் கனத்துக்கும் மறுபடி கணக்குப் பாத்துட்டு நாளைக்கு எழுத்துல தாரேன். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் விழாதுக்கா" என்றார் நூர் மேடம். "இன்னும் அஞ்சு மில்லி எறங்கும். மாடியில இருக்கிற செங்கல் தடுப்பை இடிச்சுட்டுப் பலகைத் தடுப்பு வச்சா அதுவும் கொறையும். அப்புறம் நின்னுரும்."

மறுநாள் அவர் எழுதிக் கொடுத்த தாளைத் தவமணி அக்கா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இலைக் கூடையை இழுத்துப்போய்க் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தாராம். மற்றவர்கள் வரக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஆளுக்கு ஒரு முழம், அரை முழம் என்று சுவரைவிட்டு நகர்ந்து நகர்ந்து, தீபாவளிக்குள் வட்டம் கூடிவிட்டது என்று சொன்னார்.

படத்தில்தான் தப்பு, கொத்தனார் மேல் இல்லை என்று தவமணி அக்கா ஊரெல்லாம் சொன்னார். நின்றுபோன இரண்டு வேலைகளில் ஒன்று சோணை அண்ணனுக்குத் திரும்பி வந்தது. இன்னொரு வீட்டுக்காரர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்தப் பொண்ணு வேண்டாம், வேறு யாராவது வரைந்து கொடுங்கள் என்றார். நியாயம்தான். அந்தப் படத்தை நூர் மேடம் வரைந்தார். என் பட்டியலில் நாற்பத்திரண்டாவது இனம் சேர்ந்தது.

அந்தக் கூடத்தில் தூண்டில் நரம்பை நிரந்தரமாகக் கட்டிவிட்டோம். அமாவாசைக்கு அமாவாசை இலை பறிப்பு கிடையாது என்பதால், அன்று தவமணி அக்காவே ஏணியில் ஏறி அளந்து எண்ணை அனுப்புவார். முதல் வருடம் இரண்டு மில்லிமீட்டர். அடுத்த வருடம் ஒன்று. பிறகு மாதக்கணக்கில் ஒரே எண். அந்த எண் வரும் நாட்களில் எனக்கு ஏனோ மத்தியானம் நன்றாகத் தூக்கம் வரும். ஒன்பது தளங்களில் முதலாவது அதுதான், பிரியா. கணினி அதைப் பச்சையாகத்தான் காட்டும். கணினிக்குக் கொடுத்திருப்பது படத்தில் உள்ள நூற்று எண்பது.

நேற்று முன்தினம் சோணை அண்ணன் போன் செய்தார்.

"என்ன தாயி, படுத்தே கெடக்கியாமே. முட்டு கிட்டு குடுத்திருக்காய்ங்களா?"

"இடுப்புக்கு பெல்ட் போட்டிருக்காங்கண்ணே."

"எப்ப எடுப்பாய்ங்க?"

"ஆறு வாரம் கழிச்சு."

"இருக்கட்டும், இருக்கட்டும். அவசரப்பட்டு எடுத்துறாத. அப்புறம் எலுமிச்சம்பழம் உருளும்."

சிரித்தால் வலிக்கும். வலித்தது. பரவையில் ஒரு சாப்பாட்டுக் கூடத்துக்குத் தளம் போடப் போவதாகச் சொன்னார். எங்கள் அலுவலகப் படம், வரைந்தது பிரியா.

"இதுல நடுவ இருவத்தஞ்சு தூக்கச் சொல்லியிருக்கு. மேல மட்டமா, தூக்கலா? ஒண்ணும் போடல."

"தூக்கல்தான்ணே. அடியில எம்புட்டோ மேலயும் அம்புட்டு."

"வாயில சொல்லாத தாயி. எழுதி அனுப்பு. அன்னைக்கும் இதத்தான் கேட்டேன். மேல மட்டமா இழுத்துறவான்னு. நீ டப்பாவ எண்ணிக்கிட்டே தலைய ஆட்டுன."

மின்விசிறியின் கொக்கியை வெயில் தொட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு தவமணியக்கா வீட்ல இதச் சொல்லியிருக்கலாமேண்ணே. அம்புட்டுப் பேரு முன்னாடி நின்னீங்களே."

"நீ உன் பங்கச் சொல்லிட்ட. மிச்சத்த நான் வச்சுக்கிட்டேன்" என்றார். "சரி சரி, கான்கிரீட் வண்டிக்குச் சொல்லணும். எழுதி அனுப்பு."

படுத்தபடியே கைப்பேசியில் எழுதினேன். நடுவில் மேல்பரப்பும் இருபத்தைந்து மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். கனம் எங்கும் ஒன்றே. தண்ணீர் நிறுத்தும்போது நடுவில் குறைவாக நிற்க வேண்டும். வெளியே தெரியும் இடத்தில் ஈரச்சாக்கு போட வேண்டும். பெயரும் எழுதி, பிரியாவுக்கும் நூர் மேடத்துக்கும் நகல் அனுப்பினேன்.

இன்று காலையில் ஒரு புகைப்படம் வந்தது. பரவைத் தளம். ஓரமெல்லாம் வானம் கிடக்கிறது; அங்கே ஊன்றிய அளவுகோலில் ஒரு அங்குலம். நடுவில், நீளவாக்கில், நனைந்த சாக்குகள் போர்த்திய ஒரு திட்டு தண்ணீரைவிட்டு மெல்ல எழுந்து நிற்கிறது. அதன் மேல் ஒரு மைனா.

தலையணைக்கடியில் இருந்த நோட்டை எடுத்து எழுதினேன்: 'தண்ணீர் ஓரத்தில் ஒரு அங்குலம். நடுவில் இல்லை. நன்று.'